பதினைந்து நொடிக்கு ஒருமுறை

மூங்கிப்பாடி ஓடையின் சங்கு ஜூன் மாதத்துக்குப் பிறகு ஒருமுறைகூடப் பொய்யாக ஊதவில்லை. கல்வராயன் மலையில் அந்த ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாகப் பேசிக்கொண்டார்கள். கருவியை வைத்த கள்ளக்குறிச்சித் தொண்டு நிறுவனத்தில் எல்லாருக்கும் பெருமைதான். மணிமொழிக்கும் இருந்தது, அந்த வெள்ளிக்கிழமை காலை வரைக்கும்.

வெள்ளிமலையிலிருந்து மூங்கிப்பாடிக்குப் போகிற பாதை, ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஓடையைத் தாண்டுகிறது. தாண்டுவதற்கு இருப்பது ஒரு தரைப்பாலம். வெயில் காலத்தில் அதன்மேல் கோழி மேயும். மழைக்காலத்தில், இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை வந்து இறங்கிவிடும். கணுக்கால் தண்ணீர் இடுப்பளவு ஆக, கடையில் டீ சொல்லிக் குடித்து முடிக்கிற நேரம் போதும். ஓர் ஐப்பசியில் பைக்கில் வந்த புருஷன் பெண்சாதியை ஓடை அடித்துக்கொண்டு போன பிறகுதான் கருவி வந்தது. பாலத்தின் ஊர்ப்பக்க முனையில் ஒரு கம்பம். அதிலிருந்து தண்ணீருக்கு மேலாக நீட்டிய ஓர் இரும்புக் கை. அதன் நுனியில், கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மேலிருந்தே பார்த்து நீர்மட்டத்தை அளக்கும் உணரி. மட்டம் ஓர் அளவைத் தாண்டினால் கம்பத்து உச்சியில் இருக்கும் சங்கு ஊதும். ஊதினால் நிற்க வேண்டும், ஊதாவிட்டால் போகலாம். ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

முதல் வருஷம் சங்கு தொட்டதற்கெல்லாம் ஊதியது. மாடு இறங்கி நின்றால் ஊதியது, செத்தை சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஊதியது. யாரோ ஏறிச் சங்கின் வாயில் துணியைத் திணித்தார்கள். இன்னொருமுறை கம்பியையே பிடுங்கிப் போட்டார்கள். நிறுவனத்தின் பொறுப்பாளர் ஜெயப்பிரகாஷ் சளைக்கவில்லை. தியாகதுருகத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். துணியைத் தானே ஏறி எடுத்தார். இனி யாரும் பிடுங்க முடியாதபடி கம்பி இணைப்புகளை எல்லாம் ஒரு டப்பாவுக்குள் வைத்துப் பிசின் ஊற்றி மூடினார். ஜூன் மாதம் பேட்டரி நிற்கவில்லை என்று ஏதோ ஓர் அமைப்பையும் மாற்றிவிட்டு வந்தார். அதோடு பொய்ச்சங்கு நின்றது. ஆகஸ்டில் ஓடை மெல்ல மெல்ல ஏறியபோது சங்கு சரியாக ஊதவும் ஊதியது. ஊர் அதை நம்ப ஆரம்பித்தது.

இன்னும் இரண்டு ஓடைகளில் இதே கருவியை வைப்பதென்று முடிவானது. அந்த வேலை மணிமொழிக்கு வந்தது. அவள் நைனார்பாளையத்துப் பெண். அப்பா அம்மா இருவரும் கூலிக்குப் போகிறவர்கள். சேலத்தில் பொறியியல் படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, ஊர்ப்பக்கமே வேலை கிடைத்ததும் திரும்பியவள். பழைய கருவியில் இருந்த கணினிச் சில்லு இப்போது கடைகளில் வருவதில்லை. புதுச் சில்லுக்கு நிரலைப் புதிதாக எழுத வேண்டும். எழுதும்போதுதான் வடிகட்டியில் வந்து மாட்டிக்கொண்டாள்.

தண்ணீர் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். உணரி சொல்கிற அளவும் கூடவே ஆடும். அந்த ஆட்டத்தைக் கழித்து உண்மையான மட்டத்தை மட்டும் எடுப்பதற்கு நிரலுக்குள் ஒரு வடிகட்டி இருந்தது. அது வெறும் ஒன்பது எண்கள். ஒவ்வொன்றும் நீண்ட தசம எண். அவற்றை எழுதியவர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார், மெயிலுக்குப் பதில் இல்லை. எண்களுக்கு மேலே, இவை ஒரு வடிவமைப்பு நிரலிலிருந்து வந்தவை, தொடாதே என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த நிரலின் பெயர். அவ்வளவே.

அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார் ஜெயப்பிரகாஷ். அவளால் முடியவில்லை. புதுச் சில்லு தசம எண்களை வேறுவிதமாக வைத்துக்கொள்கிறது. கடைசி இலக்கங்கள் பிசகினால் இந்த மாதிரி வடிகட்டியில் மட்டம் தானாகவே நகர ஆரம்பித்துவிடும். அந்த ஒன்பது எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால்தான் அவற்றைத் திரும்ப உண்டாக்க முடியும். கல்லூரியில் பழகிய கருவிகளில் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஒத்துவரவில்லை. எனவே அந்தப் பழைய நிரலின் சோர்ஸ் கோடைத் தேட ஆரம்பித்தாள்.

டிஜிட்டல் வடிகட்டி வடிவமைக்கும் நிரல்களை வரிசையாகத் தொகுத்து வைத்திருந்த பக்கங்கள் நிறையக் கிடைத்தன. பெரும்பாலும் செத்த இணைப்புகள். ஒன்றை அமுக்கினால் சூதாட்டத் தளம் திறந்தது. ஒரு பல்கலைக்கழகம் பேராசிரியர் ஓய்வுபெற்றதும் அவர் பக்கத்தையே எடுத்துவிட்டிருந்தது. கடைசியில், யாரோ ஒரு மாணவர் என்றோ இறக்கி வைத்து மறந்துபோன கோப்புகளுக்கு நடுவே, அவள் தேடிய பெயர் இருந்தது. சி மொழியில் எழுதிய ஒரே கோப்பு. தொண்ணூறுகளில் எழுதியது. எழுதியவர் தன் பெயரைப் போட்டு, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டிருந்தார். இந்தக் காலத்துக் கணினியில் அது ஓட மறுத்தது. ஒவ்வொரு பிழையாகத் திருத்தி ஓடவைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, அலுவலகத்தில் வேறு யாரும் வந்து சேர்வதற்கு முன்னால், எண்கள் பொருந்தின. ஒன்பதும் கடைசி இலக்கம் வரை. மணிமொழி நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். பொருந்தித்தான் இருந்தன.

பிறகுதான் அந்த நிரல் கேட்ட முதல் கேள்வி அவள் கண்ணில் நின்றது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளக்கிறீர்கள் என்று அது கேட்டிருந்தது. பேச்சுக்கு ஒரு நொடி என்று கொடுத்திருந்தாள், அதற்குத்தான் எண்கள் பொருந்தியிருந்தன. புதுக்கருவிக்கான குறிப்பில் சரியானதை எழுதுவதற்காக மூங்கிப்பாடிக் கருவியின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். அங்கே பதினைந்து என்று இருந்தது.

 இந்த வடிகட்டி கிட்டத்தட்ட நாற்பது அளவுகளைப் பார்த்த பிறகே மட்டம் ஏறியிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும். நொடிக்கு ஒருமுறை அளந்தால் நாற்பது நொடி தாமதம். பதினைந்து நொடிக்கு ஒருமுறை அளந்தால் பத்து நிமிஷம்.

ஜெயப்பிரகாஷ் உள்ளே வரும்போதே அவசரமாக வந்தார். நிறுவனத்துக்கு உதவி செய்கிறவர்கள் மறுநாள் சின்னசேலத்தில் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். மலைக்குக் கூட்டிப்போய்க் கருவியைக் காட்ட வேண்டும். மணிமொழி அவர் பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை.

"சார், மூங்கிப்பாடியில எத்தினி நொடிக்கு ஒருவாட்டி அளக்குது?"

"பதினஞ்சு. இன்னா இப்ப?"

"முன்னாடி?"

"ஒண்ணு. மரத்து நெழல்ல சோலார் ஏறல, பேட்டரி செத்துக்கினே இருந்துச்சி. அதான் கம்மி பண்ணன். அப்பறம்தான சங்கு ஒழுங்காச்சி."

"ஒழுங்காவல சார். லேட்டாச்சி."

அவருக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை. ஆகஸ்டில் சரியாக ஊதியதே என்றார். அது மெல்ல ஏறிய தண்ணீர், பத்து நிமிஷம் பிந்தியது யாருக்கும் தெரிந்திருக்காது என்றாள். விருந்தாளிகள் போனதும் பார்க்கலாம் என்றார். மணிமொழி வாதாடவில்லை. அந்தத் தம்பதியை ஓடை கொண்டுபோன வருஷம், அதே மலையில் வேறொரு பாலத்தில் அளந்து வைத்த வெள்ளக் கணக்கு அவர்களிடம் இருந்தது. அதை வடிகட்டிக்குள் ஓட்டிக் காட்டினாள். திரையில் சிவப்புக்கோடு நிஜமான தண்ணீர். நீலக்கோடு கருவி நம்புகிற தண்ணீர். சிவப்பு செங்குத்தாக ஏறிப் பாலத்தைத் தாண்டிவிட்டது. நீலம் தரையோடு படுத்திருந்தது. வெகுநேரம் கழித்து மெல்ல எழுந்தது.

ஜெயப்பிரகாஷ் இன்னொருமுறை ஓட்டச் சொன்னார். பார்த்தார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு வெள்ளிமலையில சந்தை, ஊரே பாலத்த தாண்டும்," என்றார். பைக் சாவியை எடுத்தார்.

மூங்கிப்பாடி பள்ளத்தில் இருக்கிறது. அங்கே போன் எடுக்காது. கருவிப் பெட்டியின் சாவி சாமியம்மாள் என்கிற பெண்ணிடம் இருந்தது. பாலத்தை ஒட்டின வீடு அவளுடையது, சாமையும் மரவள்ளியும் போடுகிறவள். அவள் எண்ணுக்கு மணிமொழி வழி நெடுக அடித்துக்கொண்டே வந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும்போது மழை பிடித்தது. மேலே போகப் போக மேற்கே வானம் கருத்துத் திரண்டிருந்தது தெரிந்தது. வளைவுகளில் பைக் வழுக்கியது. லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிமலைச் சந்தையில் நிறுத்தி, மூங்கிப்பாடிக்குப் போகிற வண்டி எது என்று விசாரித்தார்கள். ராஜதுரையின் குட்டி யானை மினி லாரிதான் எப்போதும் போகும், இப்போது வேறு ஊரில் மூட்டை இறக்கப் போயிருக்கிறது, வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும் என்றார்கள். தண்ணீர் இருந்தால் பாலத்தைத் தாண்ட வேண்டாம் என்று அவனிடம் சொல்லச் சொன்னார் ஜெயப்பிரகாஷ். காய்க்கடைக்காரர் சிரித்தார். அதுக்குத்தான சார் நீங்க சங்கு வெச்சிருக்கீங்க என்றார்.

பாலத்துக்கு வந்தபோது அங்கே மழை விட்டிருந்தது. லேசாக வெயில்கூட அடித்தது. கணுக்காலுக்குக் கீழே தெளிந்த தண்ணீர். பைக்கிலேயே தாண்டி ஊர்ப்பக்கம் ஏறினார்கள். சாமியம்மாள் சாவியோடு வந்தாள். எதற்கு இந்த மழையில் வந்தார்கள் என்று கேட்டாள். மணிமொழி நிஜத்தைச் சொல்ல வாயெடுத்தாள். ஜெயப்பிரகாஷ் முந்திக்கொண்டு, சும்மா ஒரு சரிபார்ப்பு என்றார்.

பெட்டியைத் திறந்து ஒயரைச் செருகினாள். திரையில் இரண்டு எண்கள் ஓடின. ஒன்று உணரி பார்க்கிற மட்டம். மற்றது வடிகட்டி சொல்கிற மட்டம். இரண்டும் அருகருகே இருந்தன. மணிமொழிக்கு மூச்சு வந்தது. நொடிக்கு ஒருமுறை அளக்கும்படி திருத்திய பழைய நிரலைத் தயாராக்கிக்கொண்டே கண்ணின் ஓரத்தில் அந்த எண்களையும் கவனித்தாள். முதல் எண் ஏறியது. அலையாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி ஏறியது. மறுபடியும். இரண்டாவது எண் அசையவில்லை.

ஓடையைப் பார்த்தாள். தண்ணீர் பாலத்தின் விளிம்பில் கலங்கியிருந்தது. சுள்ளிகள் சுழன்றுகொண்டு வந்தன.

"சார், வந்துட்சி."

ஜெயப்பிரகாஷ் குனிந்து திரையைப் பார்த்தார். காலையில் பார்த்த அதே சிவப்பும் நீலமும் இப்போது எண்களாக ஓடின. அப்படியே விட்டால் இன்னும் பத்து நிமிஷத்தில் சங்கு ஊதும். அதற்குள் பாலம் இருக்குமிடமே தெரியாது. திருத்திய நிரலை ஏற்றினால் சரியாகிவிடும். ஆனால் பழைய சில்லு, மெதுவாகத்தான் ஏறும். ஏறி முடியும்வரை கருவி செத்த கட்டை. சங்குக்கு நேராகப் பேட்டரியைக் கொடுத்துவிடலாம் என்றால், இணைப்பு அந்த டப்பாவுக்குள் பிசினில் இறுகிக் கிடந்தது. ஜெயப்பிரகாஷ் ஒரு கல்லை எடுத்து டப்பாவை இரண்டுமுறை ஓங்கி அடித்தார். கீறல் விழுந்ததோடு சரி.

"ஏத்து," என்றார்.

மணிமொழி விசையை அமுக்கினாள். திரையில் இரண்டு எண்களும் மறைந்தன. ஏற்றத்தைக் காட்டும் பட்டை மட்டும் ஓரத்திலிருந்து நகர ஆரம்பித்தது.

அப்போது எதிர்க்கரை வளைவில் ஹாரன் கேட்டது.

ராஜதுரையின் குட்டி யானை இறங்கி வந்தது. பின்னால் சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்கள், மூட்டைகளுக்கு நடுவே நெருங்கி நின்றிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை. வண்டி பாலத்தின் வாயில் நின்றது. ராஜதுரை தலையை வெளியே நீட்டித் தண்ணீரைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கம்பத்தின் உச்சியைப் பார்த்தான். அவன் என்ன பார்க்கிறான் என்று மணிமொழிக்குத் தெரிந்தது. சங்கு ஊதவில்லை. கியரைப் போட்டான்.

ராஜதுரை சாமியம்மாளின் கூடப்பிறந்த தம்பி. அவள் கரையில் நின்று கையை வீசினாள், போ போ என்று கத்தினாள். ஓடையின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. அக்கா தன்னை வரச்சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முன்சக்கரங்கள் பாலத்தில் இறங்கின.

ஜெயப்பிரகாஷ் செருப்பை உதறிவிட்டு ஓடினார். தண்ணீர் அவருக்கு முழங்காலுக்குக் கீழே அடித்தது. பாலத்தின் நடுவுக்குப் போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு நேரே நின்றார். ராஜதுரை பிரேக் போட்டான். என்ன என்று கையால் கேட்டான். ஜெயப்பிரகாஷ் பின்னால் போகச் சொல்லித் தள்ளுவதுபோல் கையை ஆட்டினார். ராஜதுரை சங்கைக் காட்டினான். அது சும்மா இருக்கிறதே என்று அவன் கேட்பது, காதில் விழாமலே கரையில் இருந்த மணிமொழிக்குப் புரிந்தது. வண்டியில் இருந்த பெண்களில் சிலர், சீக்கிரம் தாண்டு, இன்னும் ஏறிடும் என்று மேல்கூரையைத் தட்டினார்கள். ஐந்து மாதமாக அவர்கள் அந்தச் சங்கை நம்பித்தான் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

பட்டை பாதியைத் தாண்டியிருந்தது. மணிமொழி ஒயர் அசையாமல் இருக்க இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கினால் இணைப்பு விட்டுவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓடையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். ஒரு மரக்கிளை வந்து ஜெயப்பிரகாஷின் காலில் மோதியது. அவர் தடுமாறி, வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

சாமியம்மாள் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் பாப்பா அது ஊதல?"

"ஊதும்க்கா. இதோ."

பட்டை நிறைந்தது. கருவி ஒருமுறை அணைந்து எரிந்தது. திரையில் இரண்டு எண்களும் திரும்ப வந்தன. ஒன்று உயரத்தில் இருந்தது. மற்றது, கருவி புதிதாகப் பிறந்ததுபோல், பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கியது. நொடிக்கு ஓர் அளவு. நாற்பது நொடி. அது தவறில்லை. அந்தப் பழைய நிரலை எழுதிய மனிதர் சொன்ன கணக்கு அது, தண்ணீரின் ஆட்டத்துக்கு ஏமாறாமல் இருப்பதற்குக் கொடுக்க வேண்டிய நேரம். காலையில் அந்த எண்ணைப் பார்த்தபோது நாற்பது நொடி அவளுக்கு ஒன்றுமில்லாததாகத் தெரிந்தது.

இப்போது அது முடியவே இல்லை. வண்டி முன்னால் ஓர் அடி உருண்டது, நின்றது. ஜெயப்பிரகாஷ் கதவின் கண்ணாடியை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் முழங்காலைத் தாண்டி, செம்மண் நிறமாக மாறியிருந்தது. வண்டியின் பின்பக்கம் லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்ததை மணிமொழி தன் கண்ணால் பார்த்தாள். குழந்தை வைத்திருந்த பெண் குழந்தையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டாள். திரையில் இரண்டாவது எண் முதலாவதை எட்டிப் பிடிக்கப் போய்க்கொண்டே இருந்தது.

சங்கு ஊதியது.

மலை முழுக்க அந்தச் சத்தம் அடித்துத் திரும்பியது. ராஜதுரையின் முகம் மாறியதை இந்தக் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது. ஒரு நொடி கழித்து வண்டி பின்னால் நகர்ந்தது. சக்கரம் சேற்றில் சுழன்றது, பிடித்தது, மறுபடி சுழன்றது. பெண்கள் இரண்டு பேர் குதித்துப் பின்னால் ஓடினார்கள். ஜெயப்பிரகாஷ் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் வருவதற்கு இனி வழியில்லை. வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டார். வண்டி கரையேறும்போது அவர் கால்கள் தண்ணீரில் இழுபட்டன. அவர்கள் மேட்டில் ஏறி நின்ற சற்று நேரத்தில் பாலத்தின் கைப்பிடிக் கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஜெயப்பிரகாஷின் பைக் ஊர்ப்பக்கச் சரிவில் பாலத்தை ஒட்டி நின்றிருந்தது. அதையும் தண்ணீர் சாய்த்து உருட்டிக்கொண்டு போயிற்று.

மணிமொழி பெட்டியின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒயரைப் பிடித்த விரல்களைப் பிரிக்க நேரமானது.

பிற்பகலில் தண்ணீர் வடிந்தது. ஜெயப்பிரகாஷ் ராஜதுரையோடு நடந்தே தாண்டி வந்தார். முட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. வண்டியில் வந்தவர்களும் ஊரில் இருந்தவர்களும் கம்பத்தைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். சங்கு காப்பாற்றியது என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதைக் கேட்டதும் ஜெயப்பிரகாஷ், நிறுத்துங்க என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பேட்டரிக்காகத் தான் மாற்றியது, அதனால் சங்கு பத்து நிமிஷம் பிந்திப்போனது, ஐந்து மாதமாக அப்படியே இருந்தது, காலையில் இந்தப் பெண் கண்டுபிடித்துச் சொன்னபோதுகூட முதலில் ஒத்திப்போடப் பார்த்தது. காலையில் சாமியம்மாளிடம் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.  ராஜதுரை எதிர்க்கரையில் நின்ற தன் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாமியம்மாள்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"சங்கு ஊதலன்னா தைரியமா போங்கன்னு நான்தான் ஊரு பூரா சொல்லிக்கினு இருந்தன். என் வாயால தான சார் இவங்கள எல்லாம் தண்ணியில அனுப்பிச்சன்? மாத்தனன்னு எனக்கு ஒரு வார்த்த சொல்ல வேணாங்களா?"

"சொல்லிருக்கணும்மா," என்றார் ஜெயப்பிரகாஷ். "தப்பு."

அவள் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இனிமேல் தான் இல்லாமல் இதை யாரும் திறக்கக்கூடாது என்றாள்.

மறுநாள் சின்னசேலத்தில் இறங்கிய விருந்தாளிகளிடமும் அவர் அதையே சொன்னார். அவர்கள் முகம் சுளித்தார்கள், புது ஓடைகளுக்கான வேலையைத் தள்ளிவைத்தார்கள். மணிமொழிக்கு அந்த இடைவெளி தேவையாக இருந்தது. அந்தப் பழைய சி கோப்பின் உள்ளே போய் வரி வரியாகப் படித்தாள். ஒன்பது எண்களை எடுத்து ஒட்டுவதை விட்டுவிட்டு, அவற்றை உண்டாக்குகிற கணக்கையே கருவிக்குள் எழுதினாள். இனி யாராவது அளக்கும் நேரத்தை மாற்றினால் கருவியே எண்களைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் மாற்ற முடியாது. கோப்பின் தலையில், எழுதியவர் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரை விட்டுவைத்தாள். சோலார் தகட்டை மர நிழலிலிருந்து எடுத்துச் சாமியம்மாள் வீட்டு ஓட்டின்மேல் வைத்தார்கள். மாடு இறங்கினால் சங்கு எப்போதாவது பொய்யாக ஊதத்தான் செய்தது. ஊதட்டும், அது இருக்குதுன்னு தெரியுது என்று ஊரில் விட்டுவிட்டார்கள்.

சரியாக இருக்கிறது என்று மணிமொழி சொன்னதை மட்டும் சாமியம்மாள் ஏற்கவில்லை. தானே பார்க்க வேண்டும் என்றாள். எப்படிப் பார்ப்பது என்று மணிமொழி யோசித்தாள். உணரிக்குக் கீழே ஒரு பலகையைப் பிடித்தால், கருவி அதைத் தண்ணீர் என்று நினைக்கும். பலகையை உயர்த்தினால் வெள்ளம் ஏறுவதாக நினைக்கும்.

அதற்கு அடுத்து வந்த சந்தை நாள் காலையில் சாமியம்மாள் ஒரு பலகையோடு பாலத்தில் இறங்கினாள். வெள்ளிமலைக்குப் போகிறவர்கள் வண்டியில் ஏறாமல் கரையில் காத்திருந்தார்கள். ராஜதுரை இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். அவள் பலகையைத் தலைக்கு மேலே உயர்த்தி, இரும்புக் கைக்கு அடியில் அசையாமல் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். கை வலித்திருக்க வேண்டும், மாற்றிக்கொள்ளவில்லை. மணிமொழி கரையில் நின்று தானும் எண்ணினாள். மணிமொழியின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டி இரண்டு ஆனபோது சங்கு ஊதியது. சாமியம்மாள் பலகையை இறக்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, போங்க என்று வண்டிக்கு வழிவிட்டாள்.